கங்காணியும் கமிட்டியும்: மலையகத் தொழிற்களத்தில் தலைமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழிற்களத்திலே தலைமை தாங்குவோர் எத்தகைய பண்புகளைப் பெற்றிருத்தல் வேண்டும், தம் கீழ் வேலை செய்வோரை எவ்வாறு ஊக்கமும் ஒற்றுமையும் உள்ள குழுவாக ஆக்கிக்கொள்ளல் வேண்டும் என்பன பற்றி இன்று மிகுதியாகப் பேசப்படுகின்றது. முகாமைத்துவக் கல்வி நெறிகளிலும், நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிப் பட்டறைகளிலும் இது தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. தலைவன் பிறர் கூறுவதைச் செவிமடுக்க வேண்டும். நல்லதைப் பாராட்ட வேண்டும். தொழிலாளியின் குடும்ப நிலைமையையும் அறிந்திருக்க வேண்டும் என அங்கு போதிக்கப்படுகின்றது. இவ்வறிவுரைகளுட் பல தம்மளவில் நல்லவையே. ஆயினும் அவை ஒரு வினாவைத் தொடாது விடுகின்றன. தலைவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அவ்வினா.

தலைமை என்பது தனிமனிதரின் குணநலன்களில் மாத்திரம் தங்கியிருக்கும் ஒன்றன்று; குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளுக்குள்ளே ஒருவர் எவ்விடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார், அவருடைய பிழைப்பு யார் கையில் உள்ளது என்பனவே அதன் தன்மையை இறுதியிலே நிர்ணயிக்கின்றன. இக்கூற்றைப் பொதுப்படச் சொல்லி அமைதலை விட ஒரு வரலாற்றுக் களத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தலே பயனுடையது. அதற்கு இலங்கையின் பெருந்தோட்டத்தை நாம் தெரிந்தெடுத்துள்ளோம். தொழிற்படை முழுவதும் நெடுங்காலமாகக் கங்காணி என்னும் ஒரு தலைவனைச் சுற்றி அமைக்கப்பட்டிருந்த களம் அது. அத்தலைமைக்கு எதிராகத் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த தலைமையொன்று, குறுகிய காலமேனும், நிமிர்ந்து நின்றதும் அங்கேதான்.

1. நெறிப்படுத்தலின் இரு முகங்கள்

பலர் ஒருங்கு கூடிச் செய்யும் எவ்வேலைக்கும் நெறிப்படுத்தும் ஒருவர் தேவை என்பதைக் கார்ல் மார்க்ஸ் மறுத்தவரல்லர். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியிற் கூட்டுழைப்புப் பற்றிய அத்தியாயத்தில் வாத்தியக் குழுவை அவர் உதாரணமாகக் கொள்கின்றார். தனித்து வாசிப்பவருக்குத் தேவைப்படாத நடத்துநர் பலர் சேர்ந்து வாசிக்கையில் இன்றியமையாதவர் ஆகின்றார். ஆனால் மூலதனத்தின் கீழ் இந்நெறிப்படுத்தல் இரட்டைத் தன்மை பெறுகின்றது என்பதே அவர் கண்ட முக்கிய உண்மை. ஒரு புறத்தில் அது வேலைகளை இணைக்கும் சமூகப் பணி. மறு புறத்தில் அது உழைப்பிலிருந்து உபரியைக் கறந்தெடுக்கும் பணி. இவ்விரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றுகலந்து நிற்பதால், இரண்டாவது பணிக்குத் தேவையான அடக்குமுறை முதலாவதற்கும் இயல்பாகவே தேவைப்படுவது போன்ற மயக்கம் எழுகின்றது. படைக்கு அதிகாரிகளும் கீழ்நிலைத் தளபதிகளும் இருப்பது போலத் தொழிற்களத்திலும் முகாமையாளரும் மேற்பார்வையாளரும் தோன்றுவது இவ்வாறே.

முகாமைத்துவ நூல்கள் இவ்விரட்டைத் தன்மையை மறைக்கும் விதத்துக்கு அமெரிக்காவின் சிக்காகோ நகரை அடுத்திருந்த ஹோதோர்ன் தொழிற்சாலை ஆய்வுகள் தக்க சான்று. 1924 தொடக்கம் 1932 வரை நடைபெற்ற அவ்வாய்வுகளிலிருந்தே 'மனித உறவு' என்னும் முகாமைத்துவக் கோட்பாடு பிறந்தது. எல்ற்றன் மேயோ அதன் முதன்மை வியாக்கியான கர்த்தா. தொலைபேசி உறுப்புக்களைப் பொருத்தும் சில பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது உற்பத்தி உயர்ந்தது. தம்மீது கவனமும் பரிவும் செலுத்தப்படுவதை உணர்ந்த தொழிலாளர் ஊக்கத்துடன் உழைத்தனர் எனப் பின்னர் முடிவு கூறப்பட்டது. ஆனால் அதிகம் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை எனக் கருதப்பட்ட இரு பெண்கள் 1928 ஜனவரியில் அவ்வறையிலிருந்து அகற்றப்பட்டு, வேறிருவர் அமர்த்தப்பட்டனர் என்னும் செய்தி இம்முடிவோடு சேர்த்துச் சொல்லப்படுவது குறைவு. பரிவின் பின்னால் வெளியேற்றும் அதிகாரமும் நின்றது.

அதே தொழிற்சாலையில் 1931-32இல் பதினான்கு ஆண் தொழிலாளரை அவதானித்தபோது, தாம் செய்யவல்ல அளவுக்குக் குறைவாகவே உற்பத்தி செய்வதென அவர்கள் தமக்குள் ஒரு வரையறை வகுத்திருந்தமை தெரியவந்தது. கூடுதலாக உழைத்தால் கூலி வீதம் குறைக்கப்படும், சிலர் வேலையும் இழப்பர் என்பது அவர்களது அச்சம். பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த காலத்தில் அதை அறியாமையின் விளைவு என்று கொள்ள இயலாது. அங்கும் ஒரு குழு இருந்தது. அதற்கென ஒழுங்கும், ஒருவரை ஒருவர் காக்கும் உணர்வும் இருந்தன. ஆயினும் அது நிர்வாகம் விரும்பிய குழுவன்று. எனவே 'குழு உணர்வு' என்று பேசப்படும் இடமெல்லாம் எவரது குழு, எவரது நலனுக்கான உணர்வு என்று கேட்க வேண்டியவர்களாகின்றோம். இக்கேள்வியோடு நமது மலைநாட்டுக்கு வருவோம்.

2. கங்காணி என்னும் தலைவன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிச் செய்கை விரிவடைந்தபோது தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் கூட்டங்கூட்டமாக இங்கு வரலாயினர். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்திற் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்பு பெரிதும் போதுமானதாயிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் உழைப்பு வேண்டும். ஆதலால் குடும்பம் குடும்பமாகக் குடியமர்ந்த நிலையான தொழிற்படையொன்று தேவையாயிற்று. அதைத் திரட்டுவதற்கும் நிலைநிறுத்துவதற்கும் வெள்ளைத் துரைமாரிடம் மொழியறிவோ ஊர்த்தொடர்போ இருக்கவில்லை. அவ்விடைவெளியிலேதான் கங்காணி வளர்ந்தான்.

பெரியகங்காணி தன் ஊருக்கும் அயலூர்களுக்கும் சென்று, துரை கொடுத்த முற்பணத்தைக் காட்டி ஆள் சேர்த்தான். அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிமார் இருந்தனர். ஒவ்வொரு சில்லறைக் கங்காணியின் கீழும் பெரும்பாலும் அவனுடைய உறவினரும் சாதியாரும் அடங்கிய சிறு குழு அமைந்தது. ஊர், உறவு, சாதி என்னும் நிலவுடைமைச் சமூகப் பிணைப்புக்களை உடைத்தெறியாது, அவற்றையே உலகச் சந்தைக்கான பண்ட உற்பத்தியின் அச்சாணியாக மூலதனம் மாற்றிக்கொண்டது. பெரியகங்காணிமாருட் பலர் தமது ஊரின் நிலவுடைமைச் சாதிகளைச் சேர்ந்தவராயிருக்க, தொழிலாளரிற் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினராயிருந்தமை தற்செயலன்று. ஊரிலே பண்ணையாருக்கும் பண்ணையாளுக்குமிடையே நிலவிய உறவு புதிய உடை தரித்து மலையேறியது.

கங்காணியைக் கொடியவனாக மட்டும் சித்திரித்து விடுதல் எளிது; அது வரலாறாகாது. இன்றைய பயிற்சிப் பட்டறைகள் தலைவனிடம் எதிர்பார்க்கும் குணங்களுட் பெரும்பாலானவை அவனிடம் இருந்தன. அவன் தன் ஆட்களின் மொழியைப் பேசினான். ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையையும் அறிந்திருந்தான். திருமணத்துக்கும் மரணச் சடங்குக்கும் பணம் கொடுத்தான். லயத்துச் சண்டைகளைத் தீர்த்தான். திருவிழாவை முன்னின்று நடத்தினான். துரையின் கோபத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே சில வேளை நின்றான். அந்நிய மண்ணில் மொழியறியா ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அவனை விட்டால் வேறு நாதியில்லை. அவன் வெற்றிகரமான தலைவன் என்பதில் ஐயமில்லை. அவ்வெற்றியின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதே ஆராயத்தக்கது.

3. பென்ஸ் காசும் துண்டும்

இதற்கு விடை கங்காணியின் வருமானத்திலே கிடைக்கின்றது. தன் கூட்டத்திலிருந்து அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளின் பேரிலும் பெரியகங்காணிக்குத் தோட்டம் ஒரு சிறு தொகை வழங்கியது. 'பென்ஸ் காசு' என்று தோட்டங்களில் வழங்கிய இத்தொகை ஆளுக்குச் சில சதமே. ஆயினும் நூற்றுக்கணக்கான ஆட்களை உடைய பெரியகங்காணிக்கு அது பெருஞ் செல்வத்தின் ஊற்று. வேலைக்கு வராத ஒவ்வோர் ஆளும் அவனுக்கு இழப்பு. காய்ச்சலுற்றுக் கிடந்தவளின் நலத்தை அவன் காலையிலே விசாரித்ததும், எழுந்து வரமுடியாதவளை லயத்திலிருந்து விரட்டியதும் அதே சில சதத்தின் பொருட்டே. பரிவுக்கும் பலவந்தத்துக்கும் ஊற்று ஒன்றாயிருக்கையில் அவற்றை இரு வேறு குணங்களாகப் பிரித்து, ஒன்றைப் புகழ்ந்து மற்றதை இகழ்வது பொருளற்றதாகும்.

இரண்டாவது பிணைப்பு கடன். துரை கங்காணிக்குக் கொடுத்த முற்பணம், பயணச் செலவும் பிற செலவும் சேர்ந்து, தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறியது. சம்பளம் நெடுங்காலம் பெரியகங்காணியின் கை வழியாகவே தொழிலாளியை அடைந்தது. தோட்டம் வழங்கிய அரிசியின் விலையும் கடனும் கழிந்தபின் எஞ்சியதே அவனுக்குரியது. எஞ்சாத மாதங்களும் பல. ஒரு கங்காணி தன் கூட்டத்துடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவ்வாட்களை விடுவிப்போம் எனப் பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இதுவே 'துண்டு'. புதிய துரை அத்தொகையைக் கட்டிக் கூட்டத்தைப் பெறுவார். தோட்டங்களிடையே ஆட்களுக்குப் போட்டி மிகுந்தபோது துண்டில் எழுதப்பட்ட தொகைகள் உயர்ந்தன; உயர்ந்த சுமை தொழிலாளியின் தலையிலே வீழ்ந்தது. மனிதரை நேரடியாக விற்காமல் அவர்களது கடனை விற்கும் வணிகமாக இது நடைபெற்றது.

மூன்றாவது பிணைப்பு சட்டம். 1865ஆம் ஆண்டுச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. தலைவனின் சொல்லுக்குப் பின்னால் பிரம்பும், பிரம்புக்குப் பின்னால் நீதவான் நீதிமன்றமும் நின்றன. 1908இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் ஆணைக்குழுவின் விசாரணையின் பின்னர் சில சீர்திருத்தங்கள் தோன்றின. துண்டு முறையும் தண்டனை விதிகளும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டன. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. இந்திய தேசிய இயக்கத்தின் நெருக்குதல் இன்றி இவை வந்திருக்க மாட்டா. எனினும் கங்காணியின் அதிகாரம் சட்டம் மாறிய அன்றே மறைந்து விடவில்லை.

4. பிரட்டுக்களமும் நிரையும்

இவ்வதிகாரம் நாள்தோறும் எவ்வாறு செயற்பட்டது என்பதைக் காண வேலையின் அமைப்பை நோக்குதல் வேண்டும். விடியுமுன் தப்பொலி எழும். தொழிலாளர் பிரட்டுக்களத்தில் அணிவகுப்பர். யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு, யார் முள்ளுக்குத்த என்று அங்கே பிரிக்கப்படும். நேரம் தவறி வந்தவருக்கு வேலை மறுக்கப்படலாம். கணக்கப்பிள்ளை செக்ரோலிற் பதிவதே 'பேர்'. நிறை போதாவிடின் அது அரைப் பேராகும். 'பேர்' என்னும் சொல்லே ஒருநாட் சம்பளத்தைக் குறிக்கலாயிற்று. மனிதரின் பெயர் கூலியின் அலகாக மாறிய இச்சொற்பொருள் மாற்றம் தோட்ட வாழ்வின் முழு வரலாற்றையும் தன்னுள் அடக்கியது எனலாம்.

மலையிலே கொழுந்துக் கங்காணி ஒவ்வொரு பெண்ணுக்கும் நிரை பிரித்துக் கொடுப்பான். செழித்த நிரை யாருக்கு, பாறையும் சரிவும் நிறைந்த நிரை யாருக்கு என்பது அவன் கையிலுள்ளது. சாதாரணமாக ஏழு, எட்டு நாட்களுக்கு ஒருமுறை ஒரு மலையிற் கொழுந்தெடுக்க வேண்டும். சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றிவிடும். ஒரு குருத்தும் இரு இலைகளும் என்ற அளவிற் கைவிரல்களாலே கிள்ளும் வேலைக்குக் கண்ணும் கையும் பழகிய நுண்திறன் வேண்டும். எந்த மூலையில் எந்தச் செடி முந்தித் துளிர்க்கும் என்பதை ஆண்டாண்டாக அம்மலையில் நிற்கும் பெண்களே நன்கறிவர். ஆனால் அவ்வறிவு கேட்கப்படும் இடமாகப் பிரட்டுக்களம் ஒருபோதும் அமையவில்லை. அது கட்டளை இறங்கும் இடமேயன்றிக் கருத்து ஏறும் இடமன்று. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள், கங்காணிமார் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள் என்பதையும் சேர்த்து நோக்கினால், வர்க்க அதிகாரமும் ஆணதிகாரமும் ஒரே பிரம்பாக இணைந்திருந்தமை புலனாகும். ஆண், பெண் இருபாலாருக்கும் சமநாட்கூலி 1984 வரை கிட்டவில்லை.

இவ்வனுபவத்தை முதலிற் பதிவு செய்தவர்கள் தொழிலாளரே. மலைநாட்டு நாட்டார் பாடல்களிற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் சின்னத்துரையும் ஏச்சுக்கும் எள்ளலுக்கும் உரியோராக வருகின்றனர். நேரே சொல்லவியலாததைச் சொல்லும் களமாகப் பாட்டு விளங்கிற்று. மேலிருந்து திணிக்கப்பட்ட குழுவின் அடியில் வேறொரு குழு உயிர்த்திருந்தமைக்கு இவையே சான்று. ஹோதோர்ன் தொழிலாளர் தமக்குள் வகுத்துக்கொண்ட வரையறையை இங்கு நினைவுகூரலாம். எழுத்திலக்கியத்தில் 1930களிற் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் ஆள்கட்டும் முறையின் கொடுமையையும் தோட்டத்திற் பெண் படும் அவலத்தையும் காட்டினார். பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் முதலானோர் அக்களத்தை உள்ளிருந்தே எழுதினர். அவல உணர்விலிருந்து அமைப்புணர்வை நோக்கி மலையக இலக்கியம் நகர்ந்தது. அந்நகர்வின் சமூக அடித்தளத்தை நாற்பதுகளின் தொடக்கத்திலே தேடவேண்டும்.

5. 1940: வேறொரு தலைமை

கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டம் தனியார் சொத்து. அனுமதியின்றி உள்நுழைவோர் மீது அத்துமீறற் குற்றம் சாட்டலாம். புடவை வியாபாரியாக வேடமிட்டு அவர் லயங்களுக்குள் சென்றார் என்று கூறப்படுவதுண்டு. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தாம் இயற்றிய பாடல்களைக் கூட்டங்களிற் பாடி மக்களைத் திரட்டினார். கங்காணியின் வாய்வழியன்றித் தன் வாயாலேயே குறையைச் சொல்லலாம் என்ற எண்ணம் தொழிலாளியிடம் அரும்பிய காலம் அது.

முப்பதுகளின் இறுதியிற் சூழ்நிலை விரைந்து மாறியது. பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசாங்கம் 1939இல் தடைசெய்தது. புதிதாக ஆள்கட்ட இயலாத நிலையிற் பெரியகங்காணியின் பழைய அடித்தளம் ஆட்டங்கண்டது. அதே ஆண்டில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றிற்று. 1935இல் அமைக்கப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சியும் தோட்டங்களுக்குள் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியது. 1939இன் இறுதியிலும் 1940இலும் வேலைநிறுத்த அலையொன்று எழுந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். அதுபற்றி விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவி சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார்.

அவ்வலையின் உச்சம் ஊவாவிலே, பதுளைப் பகுதியைச் சேர்ந்த வேவெஸ்ஸ தோட்டத்திற் காணப்பட்டது. அங்கே தொழிலாளர் தமக்குள் ஒரு கமிட்டியைத் தெரிந்தெடுத்தனர். அக்கமிட்டியைக் கலந்தாலோசித்தே தோட்டத்தை நடத்துவதற்குத் துரை இணங்க வேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்டவெனச் சென்ற ஆயுதந் தாங்கிய பொலிஸ் அணியொன்றின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். லெஸ்லி குணவர்த்தன 1960இல் எழுதிய சமசமாஜக் கட்சியின் வரலாற்றுச் சுருக்கத்தில் இச்சம்பவம் சில வரிகளிலே கூறப்பட்டுள்ளது. ஆயுதம் பறித்த செய்தியே பலராலும் எடுத்துக் கூறப்படுவது. நமது நோக்கிற் கமிட்டியைக் கலந்து நடத்துதல் என்ற ஏற்பாடே அதனினும் முக்கியமானது.

ஏனெனில் அங்கே மார்க்ஸ் சுட்டிய இரு முகங்களும் கணப்பொழுது பிரிந்து நின்றன. மலைக்கு ஆட்பிரிக்கவும், சுற்றுத் தவறாமற் கொழுந்தெடுக்கவும், நிறை பார்க்கவும் நெறிப்படுத்தல் தேவை என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்நெறிப்படுத்தல் பென்ஸ் காசிலும் பிரம்பிலும் தங்கியிருக்க வேண்டியதில்லை; தெரிந்தெடுத்தோருக்குப் பதில் சொல்லும் ஒரு குழுவும் அதில் உரிமையுடன் பங்குகொள்ளலாம் என்பது கொள்கையளவில் அன்றி நடைமுறையில் முன்வைக்கப்பட்டது. கூலிகள் என்றும், தலைவனின்றி இயங்கவியலாத மந்தை என்றும் நூறாண்டாகக் கருதப்பட்டோரிடமிருந்து அது வந்தது என்பது மேலும் கவனத்திற்குரியது. துரையின் சொத்துரிமை அங்கு ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மையே. ஆகையால் அதனைத் தொழிலாளர் ஆட்சி என்று மிகைப்படுத்துதல் தகாது. சொத்துரிமை மாறாத நிலையிலேயே இவ்வளவு இயன்றது என்பதுதான் அதன் படிப்பினை.

அது நீடிக்கவில்லை. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து இயக்கத்தை முறியடித்தன. 1940 ஜூனில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் கைதாயினர். அடுத்த மாதம் தோட்டத்துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையே ஏற்பட்ட ஏழு அம்ச உடன்படிக்கை, தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. போராட்டத்தின் அச்சமே அவ்வங்கீகாரத்தைப் பெற்றுத் தந்தது. ஆனால் ஏற்கப்பட்டது பேரம் பேசும் உரிமையே. வேலையை நடத்துவதிற் பங்குகொள்ளும் உரிமை மேசைக்கு வரவில்லை.

6. கமிட்டிக்குப் பின்

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டில் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. நாடாளுமன்றக் கதவு மூடப்பட்டபோது தொழிற்சங்கமே மலையக மக்களின் ஒரே அரசியற் குரலாயிற்று. அது சங்கத்துக்குப் பெரும் பலத்தைத் தந்தது. அதேவேளை தலைமையை விமர்சிக்கும் வெளியையும் சுருக்கியது.

இங்கு முற்போக்காளர் தயங்காது பேச வேண்டிய ஒரு விடயம் உண்டு. தோட்டந்தோறும் கமிட்டிகளும், தோட்டத் தலைவர், மாதர் தலைவி என்ற பதவிகளும் தோன்றின. அவற்றிற் பல உண்மையான தெரிவாலும் தியாகத்தாலும் உருவானவை. அவற்றாலே தொழிலாளி துரையின் முன் நிமிர்ந்து நின்று பேசினான். ஆயினும் பெரிய சங்கங்களிலே முடிவுகள் மேலிருந்து இறங்கும் வழக்கம் வேரூன்றியது. உறுப்பினரின் சந்தாவைத் தோட்டக் காரியாலயமே செக்ரோலிற் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை நிலைபெற்றது. சந்தாவும் பென்ஸ் காசும் ஒன்றல்ல. முன்னையது தொழிலாளி தன் பிரதிநிதித்துவத்துக்காகத் தருவது. பின்னையது தோட்டம் தன் காவலனுக்குத் தந்தது. எனினும் பணம் முதலாளியின் கணக்குப் புத்தகம் வழியாக, தலையெண்ணி, தவறாது வந்து சேர்கையில், மாதந்தோறும் லயத்து வாசலில் நின்று உறுப்பினருக்குக் கணக்குச் சொல்லும் கட்டாயம் தலைவருக்கு இல்லாது போகின்றது. பெரியகங்காணியின் பிரம்பு மறைந்தபின்னும் அவனது நிழல் சங்கக் காரியாலயங்களில் விழுந்ததற்கு இதுவுமொரு காரணம். தனிமனிதரின் நேர்மையீனமாக மாத்திரம் இதனை விளக்குவோர், கங்காணியின் குணத்தை மாத்திரம் பேசுவோர் செய்யும் அதே தவற்றைச் செய்கின்றனர்.

அரசு உடைமையாக்கியபோதும் இக்கேள்வி தீரவில்லை. 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களைத் தனியாரிடமிருந்தும் கொம்பனிகளிடமிருந்தும் அரசுக்கு மாற்றின. உரிமை மாறியது, பிரட்டுக்களம் மாறவில்லை. துரையின் பங்களாவிலே வேறொரு துரை குடியேறினார். அதே காலத்தில், 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் கூட்டுத்தாபனங்களில் ஊழியர் ஆலோசனைச் சபைகளை அமைத்தது. இடதுசாரி அமைச்சர்களின் ஊக்கத்தால் எழுந்த அம்முயற்சி மதிக்கத்தக்கதே. ஆனால் ஆலோசனை கூறும் உரிமை அளிக்கப்பட்டதேயன்றி முடிவெடுக்கும் உரிமை அளிக்கப்படவில்லை. பின்னர் அமைந்த ஊழியர் சபைகளோ, சுதந்திர வர்த்தக வலயத் தொழிற்சாலைகளிலே தொழிற்சங்கத்துக்கு மாற்றாகப் பயன்படுத்தப்பட்டன. பங்கேற்பு என்ற ஒரே சொல் முற்றிலும் எதிரான இரு நோக்கங்களுக்கு உடையாக முடியும் என்பதற்கு இவ்வொப்பீடு போதுமானது.

1992இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021இற் சம்பளச் சபை வழியாக நாட்கூலி ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது கொம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. தேயிலை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, பறித்த கொழுந்துக்கு மட்டும் விலை தரும் வருமானப் பங்கீட்டு முறையை அவை விரும்புகின்றன. அங்கே கங்காணி தேவையில்லை; தொழிலாளி தானே தன்னை நெறிப்படுத்துவான் என்பர். ஆனால் நிலமும் விலையும் தொழிற்சாலையும் கொம்பனியின் கையிலிருக்க, கண்காணிப்பு மாத்திரம் குடும்பத்துக்குள் இறக்கப்படுமாயின், கணவன் மனைவிக்கும் தாய் பிள்ளைகளுக்கும் கங்காணியாகும் அபாயம் உண்டு. கங்காணி மறைவது வேறு. அவன் வீட்டுக்குள் குடிபுகுவது வேறு.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, கூட்டுழைப்புக்குத் தலைமை இன்றியமையாதது. தலைமையே வேண்டாம் என்னும் வாதம் நமதன்று. இரண்டாவதாக, தலைவனின் பரிவு, திறமை, உறவு பேணும் ஆற்றல் என்பவற்றின் சமூகப் பொருளை அவனது வருமானமும் பதவியும் எங்கிருந்து வருகின்றன என்பதே தீர்மானிக்கின்றது. பென்ஸ் காசைச் சில்லறை விடயமென ஒதுக்காது நாம் விரித்துரைத்தமைக்கு இதுவே காரணம். மூன்றாவதாக, தொழிலாளரிடையே ஒற்றுமையும் ஈடுபாடும் இல்லை, அவற்றை மேலிருந்து கட்டியெழுப்ப வேண்டும் என்னும் முற்கோள் வரலாற்றுக்கு முரணானது. அவை பாட்டிலும், வேலையை மட்டுப்படுத்தும் இரகசிய உடன்பாட்டிலும், கமிட்டியிலும் என்றும் இருந்தே வந்துள்ளன. நிர்வாகத்துக்குப் புலப்படாதது நிர்வாகத்துக்கு வேண்டாத ஒற்றுமையே.

எனவே ஒரு தொழிற்களத்தில் ஆரோக்கியமான குழு உண்டா என அறிய விரும்புவோர், தலைவர் எவ்வளவு இனிமையாகப் பேசுகின்றார் எனப் பார்ப்பதுடன் நின்றுவிடலாகாது. அவரைத் தெரிந்தெடுத்தவர் யார், நீக்க வல்லவர் யார், அவர் யாரிடம் கணக்குச் சொல்கின்றார், நிரை பிரிக்கும்போது நிரையில் நிற்பவளின் சொல்லுக்கு இடமுண்டா என்று கேட்டல் வேண்டும். இக்கேள்விகள் தோட்ட நிர்வாகத்துக்கு மட்டும் உரியனவல்ல. தொழிற்சங்கங்களுக்கும், இடதுசாரிக் கட்சிகளுக்கும், பல்கலைக்கழகத் துறைகளுக்கும், ஏன், தமிழ்ச் சங்கங்களுக்கும் அவை பொருந்தும்.

வேவெஸ்ஸ கமிட்டியின் உறுப்பினர் யாவர், அவர்களுட் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வாறு கூடினர், எவற்றை விவாதித்தனர் என்பவை நமது இலக்கிய, வரலாற்று ஆய்வாளர்கள் தோட்டந்தோறும் சென்று வாய்மொழியிலிருந்து திரட்ட வேண்டிய செய்திகள். துரைமாரின் நாட்குறிப்புக்களும் ஆணைக்குழு அறிக்கைகளும் ஆவணக் காப்பகங்களிற் பேணப்படுகின்றன. தெரிந்தெடுக்கப்பட்ட தலைமையின் நினைவு லயங்களிலே முதியோரோடு மறைந்துகொண்டிருக்கின்றது. அதை மீட்டெடுத்தல் வருந்தலைமுறைத் தொழிலாளருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன். துண்டிலே எழுதப்பட்ட கடன்களைப் போலன்றி, உண்மையாகவே பட்ட கடன்.